மாஸ்டா மியாட்டா (1990–2005): டிராக் நாள் முடியும்வரை ஓடும் கார்

நம்மூரில் மாஸ்டா என்றால் சுவராஜ் மாஸ்டா வேனும் லாரியும்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் கதை வேறு. சனி, ஞாயிறில் ஏதாவது ஒரு ரேஸ் டிராக்கின் பிட் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். அதே கம்பெனியின் இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்னத் திறந்த கார் வரிசையாக நிற்கும். பேப்பரில் அதன் பெயர் எம்எக்ஸ்-5, வாயில் வருவது மியாட்டா. 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமான கார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும், டிராக் டேக்கு (சொந்தக் காரை ரேஸ் டிராக்கில், போட்டியில்லாமல் ஓட்டிப் பார்க்கும் நாள்) புதிதாக வருகிறவர்களிடம் பழைய கைகள் முதலில் சொல்வது இதன் பெயரைத்தான். அந்தப் பரிந்துரை எவ்வளவு தூரம் சரி, எங்கே அது பாதி உண்மை என்று பார்ப்போம்.

இங்கே பேசப்போவது முதல் இரண்டு தலைமுறை பற்றி மட்டும். ஹெட்லைட் மேலே எழும்பித் திறக்கும் 1990–97 என்.ஏ., நிலையான ஹெட்லைட்டோடு 1999–2005 என்.பி. அமெரிக்காவில் 1998 மாடல் கிடையாது. இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றுதான்: முன்னால் நாலு சிலிண்டர் என்ஜின், பின்சக்கர இழுவை, நாலு மூலையிலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். எடை மாடலைப் பொறுத்து ஏறக்குறைய 950 கிலோவிலிருந்து 1,080 கிலோவுக்குள்.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். இது வேகமான கார் இல்லை. நேர்ப்பாதையில் இன்றைய குடும்பக் கார்கள்கூட இதைத் தாண்டிப் போய்விடும். கை காட்டி வழிவிட்டே தோள் வலிக்கும். ஆனால் காலை முதல் செஷனில் இறங்கிய கார் மாலை கடைசி செஷனிலும் இறங்கும். அதன்பின் அதே காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். டிராக் டேயில் அதற்குத்தான் காசு. ஒரே நிபந்தனை: சூடு, பிரேக், சக்கரம் மாட்டும் ஹப், வயதான ரப்பர் ஆகிய நாலையும் முன்கூட்டியே கவனித்திருக்க வேண்டும். கவனிக்காத மியாட்டாவும் மற்றக் கார்களைப் போலவே டோ லாரியில்தான் திரும்பும்.

ஒரு கணக்குப் போட்டால் புரியும். வழக்கமான டிராக் நாளில் ஒருவருக்கு இருபது நிமிடம் வீதம் நாலு அல்லது ஐந்து செஷன் கிடைக்கும். கலிஃபோர்னியாவின் லகூனா செக்கா டிராக் 3.602 கிலோமீட்டர் நீளம். புதியவர் கையில் மியாட்டா ஒரு சுற்றை இரண்டு நிமிடத்தை ஒட்டி முடிக்கும். கிளம்பும் சுற்று, கடைசியில் ஆறவைக்கும் சுற்று, நடுவில் யாருக்காவது காட்டும் மஞ்சள் கொடி எல்லாம் போக, ஒரு செஷனுக்கு ஏழு எட்டு நல்ல சுற்று தேறும். ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று வெடித்தால் போவது அந்த எட்டு மட்டுமில்லை, அன்றைய மிச்சம் முழுவதும். அந்தச் சுற்றுகளில் கற்றுக் குறைத்திருக்கக்கூடிய இரண்டு மூன்று நொடியை எந்தக் கடையிலும் பார்ட்ஸாக வாங்க முடியாது.

எந்த வருஷத்துக் கார்

1990–93 கார்களில் 1.6 லிட்டர் என்ஜின், 116 குதிரைத்திறன். எடை இதில்தான் குறைவு, ஓட்டவும் இதுதான் குறும்பு. ஆனால் பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ரிங் கியர் 6 அங்குலம்தான். ஒட்டும் டயர் போட்டு முரட்டுத்தனமாக கிளட்ச் விட்டால் அது நெடுநாள் தாங்காது. முன் பிரேக் டிஸ்க்கும் 235 மில்லிமீட்டர்தான். 1994-இல் 1.8 லிட்டர் வந்தது. 128 குதிரைத்திறன், 1996-இல் 133. அதைவிட முக்கியம், 7 அங்குல டிஃபரன்ஷியலும், வாங்கும்போது கேட்டவர்களுக்கு டார்சன் லிமிடெட் ஸ்லிப்பும் (ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்), 255 மில்லிமீட்டர் முன் டிஸ்க்கும் அதோடு வந்தன. 1999 என்.பி.யில் சிலிண்டர் ஹெட் மாறி 140 ஆனது. 2001-இல் மாறும் வால்வு டைமிங் சேர்ந்தது. அந்த என்ஜினுக்கு முதலில் 155 என்று விளம்பரம் செய்துவிட்டு, பிறகு 142-தான் என்று கம்பெனியே திருத்தி, வேண்டாம் என்றவர்களிடம் காரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்ன கதை மியாட்டாக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் தேர்வு 1999 அல்லது 2000 என்.பி., ஐந்து கியர், டார்சன். எலக்ட்ரானிக்ஸ் குறைவு, ஹெட் நல்லது, வால்வு லிஃப்டர் ஹைட்ராலிக் இல்லை, ஷிம் வைத்த திடமான பக்கெட். என்.ஏ.யில் ஹைட்ராலிக் லிஃப்டர் என்பதால் சூடான செஷனுக்குப் பிறகு டிக் டிக் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனால் பழகாதவருக்கு வயிற்றைக் கலக்கும். எழும்பும் ஹெட்லைட் மேல் ஆசை இருந்தால் 1994–97 என்.ஏ.யை எடுங்கள்.

1990 முதல் 1991 தொடக்கம்வரை வந்த 1.6 கார்களில் ஒரு பொறி இருக்கிறது. கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முன்முனை குட்டையானது. டைமிங் பெல்ட் மாற்றியவர் முன் போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தால், பெல்ட்டின் பல்சக்கரம் லேசாக ஆடி ஆடி, அதைத் தண்டோடு பூட்டும் சாவிக் காடியைத் தின்றுவிடும். டைமிங் தள்ளிப்போகும், கார் சோர்ந்து ஓடும், கடைசியில் கிராங்கே குப்பைக்கு. கண்டுபிடிப்பது சுலபம். முன் புல்லியில் நாலு வெட்டு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீள மூக்கு. போல்ட்டின் இறுக்கம் குட்டைக்கு 108–118 நியூட்டன் மீட்டர், நீளத்துக்கு 157–167. குட்டைக் கிராங்கில் நீளத்தின் இறுக்கத்தைக் கொடுத்துக் கெடுத்தவர்களும் உண்டு. விலை எவ்வளவு சல்லிசாக இருந்தாலும், புல்லி நேராகச் சுற்றாமல் தள்ளாடுவது தெரிந்தால் அந்தக் கார் வேண்டாம்.

சூடு: பாதிப் பிரச்சினை இங்கேதான்

இந்த என்ஜின் குடும்பம் முதலில் மாஸ்டா 323 போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் குறுக்காக உட்கார்ந்தது. அங்கே தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து, நாலு சிலிண்டரையும் தாண்டி, மறுமுனையில் வெளியேறும். மியாட்டாவில் என்ஜினை நெடுக்காகத் திருப்பியபோது அந்த மறுமுனை டாஷ்போர்டுக்கு முன்னால் உள்ள தடுப்புச் சுவரை ஒட்டிப் போய்விட்டது. அதனால் தெர்மோஸ்டாட்டையும் வெளிவழியையும் முன்பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். உள்ளே போவதும் முன்னால், வெளியே வருவதும் முன்னால். கடைசியில் இருக்கும் நாலாவது சிலிண்டருக்குப் போதிய ஓட்டம் கிடைப்பதில்லை. ஊர் சாலையில் இது வெளியே தெரியாது. இருபது நிமிடம் முழு த்ராட்டிலில், அதுவும் வெயில் நாளில், ஹெட் கேஸ்கெட் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தப் பின்மூலை.

இதற்கு மாற்றுவழி கூலன்ட் ரீரூட். ஹெட்டின் பின்பக்கம் ஒரு ஸ்பேசர் வைத்து, தெர்மோஸ்டாட்டை அங்கே மாற்றி, அங்கிருந்து நீண்ட ஹோஸ் ஒன்றை ரேடியேட்டருக்குக் கொண்டுவருவது. கிட்டாகவே விற்கிறார்கள். என்ஜின் உள்ளே இருக்கும்போதே செய்யலாம், ஆனால் பின்பக்கம் கை நுழையும் இடம் ரொம்பக் குறைவு. ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், பொறுமையையும் சேர்த்து. டர்போ இல்லாத, மிதமான வெயில் ஊரில் ஓடும் காருக்கு இது கட்டாயமா என்றால் இல்லை. கீழே சொல்லும் மலிவான வேலைகளை முதலில் முடியுங்கள்.

ரேடியேட்டரின் மேல் தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பு. வயதாக ஆகப் பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்துக்கு மாறும். அந்த நிறம் தெரிந்தால் விரிசலுக்கு நாள் எண்ணலாம். முழு அலுமினிய ரேடியேட்டர் ஒன்று மாற்றும்போது மேல், கீழ் ஹோஸ், 0.9 பார் மூடி, தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஹெட்டின் பின்னால் ஹீட்டருக்குப் போகும் குட்டி ஹோஸ்களை எல்லோரும் மறந்துவிடுவார்கள். வெடிப்பது அவைதான்.

இனி காசே செலவில்லாத விஷயம். முன் பம்பருக்குக் கீழே கறுப்பு பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்க வேண்டும். பழைய கார்களில் பாதிக்கு அது இருக்காது. ஆயில் மாற்றியவர் எவரோ கழற்றிவிட்டு மாட்டாமல் விட்டிருப்பார். அந்தத் தட்டு வெறும் அழுக்குத் தடுப்பு என்று நினைக்கிறார்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் காற்றழுத்தத்தைக் குறைத்து, முன்னாலிருந்து காற்றை இழுக்க வைப்பது அது. தட்டு இல்லாத கார் சிக்னலில் குளுமையாக நிற்கும், 130 கிலோமீட்டர் வேகத்தில் சூடேறும். வேகம் கூடக் கூடச் சூடு கூடினால் முதலில் கீழே குனிந்து பாருங்கள். பிறகு ரேடியேட்டரின் இரு பக்க இடைவெளிகளை ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டி அடைத்துவிடுங்கள். உள்ளே வந்த காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு தப்பித்தால் எவ்வளவு தடித்த அலுமினியம் போட்டும் பயனில்லை.

டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். நடுவில் வந்து நின்றபிறகு பெரிய இடைவெளிக்கு அது அசையவே அசையாது. அது அசையும்போது காரியம் முடிந்திருக்கும். ஆயில் பிரஷர் முள்ளும் 1995 முதல் வெறும் வேஷம்: அழுத்தம் இருக்கிறது, இல்லை என்று இரண்டே பதில்தான் தெரியும். தனி மீட்டர் ஒன்று, தண்ணீருக்கும் ஆயிலுக்கும், எந்த எக்ஸாஸ்டையும்விட முன்னால் வாங்க வேண்டியது. 105 டிகிரி செல்சியஸ் தாண்டினால் ஒரு சுற்று மெதுவாக, உயர்ந்த கியரில் ஓட்டி இறக்குங்கள். 110 தொட்டால் பிட்டுக்கு வந்துவிடுங்கள்.

பிரேக்

லகூனா செக்காவின் மெயின் ஸ்ட்ரெயிட்டில் 160 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி வந்து, இரண்டாம் வளைவுக்கு 65-க்கு இறக்குவதாக வைத்துக்கொள்வோம். ஓட்டுநரோடு சேர்த்து 1,170 கிலோ. அந்த ஒரே மிதியில் கரைக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 9.6 லட்சம் ஜூல். மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கவைக்கும் சூடு அது. சுற்றுக்குச் சுற்று அதே இடத்தில், நடுவில் இன்னும் நாலைந்து இடங்களில். எடை குறைவு என்பதுதான் மியாட்டாவைக் காப்பாற்றுகிறது. 1,600 கிலோ செடான் அதே வேகத்தில் நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு மேல் கூடுதல் சூட்டைக் கையாள வேண்டும்.

பெரிய பிரேக் கிட் தேவையில்லை. தேவை மூன்று: டிராக்குக்கான பேட், புது ஃப்ளூயிட், நல்ல நிலையில் உள்ள சாதாரண டிஸ்க். டாட் 3 ஃப்ளூயிட் புதிதில் குறைந்தது 205 டிகிரிவரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி, ஈரம் குடித்தபின் 140. டாட் 4-க்கு 230, 155. ரேஸுக்கென வரும் டாட் 4 வகைகள் புதிதில் 300-ஐத் தாண்டும். ஒரு லிட்டர் வாங்கினால் முழுதாகப் பழசைத் தள்ளிவிடலாம். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். பெடல் இலவம்பஞ்சு மாதிரி அமுங்கினால் ஃப்ளூயிட் கொதித்திருக்கிறது. பெடல் கல்லாக நின்றும் கார் நிற்கவில்லை என்றால் பேட் வெந்திருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறானதை மாற்றுகிறவர்கள் நிறைய.

பெடல் நீளமாகப் போவதற்கு மூன்றாவது காரணம் ஒன்று இந்தக் காருக்கே உரியது. பின் காலிப்பரில் ஹேண்ட்பிரேக்குக்கான திருகு உள்ளே இருக்கிறது. 14 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றைக் கழற்றினால் அடியில் 4 மில்லிமீட்டர் ஆலன் சாவிக்கு இடம். சக்கரம் பூட்டும்வரை திருகி, மூன்றில் ஒரு சுற்றுப் பின்வாங்குங்கள். பேட் மாற்றியபின் இதைச் செய்யாமல் விட்டால், நாள் முழுக்க ஃப்ளூயிடை மாற்றிக்கொண்டிருந்தாலும் பெடல் மேலே வராது.

செஷன் முடிந்து நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். சூடான டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் ஒட்டிப் படிந்து, அடுத்த செஷனில் ஸ்டீயரிங் அதிரும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள்.

ஹப், நட்டு, டயர்

முன் ஹப்பும் பேரிங்கும் ஒரே மூடிய துண்டு. திறந்து கிரீஸ் வைக்க முடியாது. சாதாரண டயரில் வருஷக்கணக்கில் உழைக்கும். ஒட்டும் டயரில் ஒரு சீசனிலேயே தளர்ந்துவிடலாம். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் மாற்றுங்கள். ஆட்டம் உள்ள ஹப் வளைவில் டிஸ்க்கைச் சாய்க்கும், டிஸ்க் பேடைப் பின்னால் தள்ளும், அடுத்த பிரேக் மிதியில் பெடல் பாதி தூரம் காலியாக இறங்கும். அது நடக்கும் இடம் வேகமான வளைவு முடிந்து உடனே பிரேக் பிடிக்க வேண்டிய இடம் என்பதுதான் கொடுமை. ஒரு ஜோடி ஹப்பைக் கையிருப்பாக டிக்கியில் வைத்திருப்பவர்கள் புத்திசாலிகள். நடு நட்டுக்கு 167 முதல் 216 நியூட்டன் மீட்டர். புது நட்டு, காடியில் தட்டிப் பூட்டியது.

சக்கர நட்டுக்கு 88 முதல் 118. ஒவ்வொரு செஷனுக்கும் முன்னால், சக்கரம் ஆறியபின் டார்க் ரெஞ்ச் வையுங்கள். கொதிக்கும்போது இறுக்கினால் ஆறும்போது நிலை மாறும்.

டயரில்தான் நேரம் இருக்கிறது. பொதுவான அளவு 15 அங்குல ரிம்மில் 205/50. ஸ்பெக் மியாட்டா ரேஸ் வகுப்பும் இதே அளவில்தான் ஓடுகிறது, அதனால் விலையும் வகையும் நமக்குச் சாதகம். ட்ரெட்வேர் 200 டயர்களுக்குள்ளேயே (ட்ரெட்வேர் என்பது தேய்மான எண்; எண் குறையக் குறைய ஒட்டும், சீக்கிரம் தேயும்) இரண்டு சாதி உண்டு. பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா ஏ052 போன்றவை முதல் இரண்டு மூன்று சுற்றில் பிரமாதமாகப் பிடித்து, சூடேறியதும் வழவழக்கும், சீக்கிரம் தேயும். ஹான்கூக் ஆர்எஸ்4 மெதுவாகச் சூடேறி, கொஞ்சம் குறைவாகப் பிடித்து, நாள் முழுதும் ஒரே மாதிரி இருக்கும். கற்றுக்கொள்ளும் காலத்துக்கு இரண்டாவது சாதி. சூடானபின் 30 முதல் 33 பி.எஸ்.ஐ. வரும்படி காலையில் 26, 27-இல் தொடங்கி, ஒவ்வொரு முறை பிட்டுக்கு வந்ததும் உடனே அளந்து இறக்குங்கள்.

சஸ்பென்ஷன் கோணத்தைச் சரிசெய்யாமல் நல்ல டயர் போடுவது வெளி ஓரத்தை மட்டும் ரப்பர் துருவலாக்கும் வேலை. முன்னால் 2.5 முதல் 3 டிகிரி நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது), பின்னால் அதைவிட அரை டிகிரி குறைவு, முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம், பின்னால் துளி உள்நோக்கி. உயரம் குறைக்காத காரில் முன்னால் இவ்வளவு கிடைக்காது. நீளமான கீழ் பால் ஜாயின்ட் வைத்தால் கிடைக்கும். அலைன்மென்ட்டுக்குப் போகுமுன் கோணம் திருப்பும் எக்சென்ட்ரிக் போல்ட்டுகள் அசைகின்றனவா என்று பாருங்கள். பனிக்கு உப்புத் தூவும் மாநிலத்துக் கார் என்றால் அவை புஷ்ஷோடு ஒன்றாகத் துருப்பிடித்து நிற்கும். அப்போது வேலை அலைன்மென்ட் இல்லை, ரம்பம்.

சில்லறைத் தொல்லைகள்

கியர்பாக்ஸ் தலைப்பகுதியில் ஆயில் கசிந்தால் பின் ஆயில் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். என்.ஏ.யில் ஹெட்டின் பின்னால் கேம் ஆங்கிள் சென்சாருக்கு ஒரு சின்ன ஓ-ரிங் உண்டு. அது கெட்டியாகிக் கசிந்து அதே இடத்தில்தான் வடியும். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் எல்லா மியாட்டாவிலும் ஒருநாள் கசியும். மாற்றும்போது மாஸ்டரையும் சேர்த்து மாற்றாவிட்டால் அடுத்த மாதம் அது போகும். பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே போனால் நீண்ட வளைவில் என்ஜின் இருமும். டேங்க் 45 அல்லது 48 லிட்டர், ஐந்து செஷனுக்கு ஏறக்குறைய அவ்வளவும் காலியாகும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிரப்பிவிடுங்கள். என்ஜின் ஆயில் நாலு லிட்டர்கூட இல்லை, ஆகவே அரை லிட்டர் குறைந்தாலே பெரிய குறை. செஷனுக்கு ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள், மேல் கோட்டில் வையுங்கள்.

ஆயில் பம்ப் கியர் உடைவது பற்றி நிறைய பயமுறுத்துவார்கள். உண்மைதான், அழுத்தித் திரட்டிய உலோகப் பொடியில் செய்த கியர் அது. ஆனால் உடைவது பெரும்பாலும் ரெட்லைனைத் தாண்டிச் சுழற்றும் ரேஸ் என்ஜினிலும், அதிர்வைத் தணிக்கும் ரப்பர் வைத்த புல்லியைக் கழற்றிவிட்டு லேசான அலுமினியப் புல்லி போட்டவர்களிடமும். அந்தப் புல்லியை வாங்காமல் இருந்தாலே பாதி பயம் போகும்.

சுற்று நேரம்

மியாட்டாவில் நேரம் நேர்ப்பாதையில் கிடைக்காது. வளைவுக்குள் எவ்வளவு வேகத்தைக் காப்பாற்றினீர்கள் என்பதே கணக்கு. லகூனா செக்காவில் எல்லோரும் பேசுவது 18 மீட்டர் கீழே விழும் கார்க்ஸ்க்ரூவை. மியாட்டாவுக்கு நேரம் கொட்டிக் கிடப்பது அங்கே இல்லை, ஆறாம் வளைவில். அதிலிருந்து வெளியே வந்ததும் ஏற்றம். நுழையும்போது பயத்தில் பிரேக்கைத் தொட்டுத் தொலைத்த ஐந்து கிலோமீட்டர் வேகத்தை 130 குதிரை அந்த ஏற்றத்தில் திருப்பித் தராது, கார்க்ஸ்க்ரூ வரைக்கும் அந்தக் கடன் கூடவே வரும். 300 குதிரைக் கார் இந்தத் தப்பை மூடி மறைக்கும். இந்தக் காரின் பெரிய நற்குணம் மறைக்காதது.

அளக்காமல் பேசுவதில் பயனில்லை. ஃபோனில் உள்ள ஜி.பி.எஸ். பெரும்பாலும் நொடிக்கு ஒரு முறைதான் இடத்தைச் சொல்லும். 160-இல் போகும் கார் ஒரு நொடியில் 44 மீட்டர் தாண்டிவிடும். நொடிக்குப் பத்து முறை சொல்லும் வெளிக் கருவி வைத்தால் அது 4.4 மீட்டர், இருபத்தைந்து முறை என்றால் 1.8. சுற்று நேரத்துக்குப் பத்து போதும். வளைவின் நடு வேகத்தை ஒப்பிட இருபத்தைந்து நல்லது. வாங்கியபின் பார்க்க வேண்டியது மிகச் சிறந்த சுற்றை இல்லை. ஒரு செஷனின் இடைஞ்சல் இல்லாத சுற்றுகளை எடுத்து, அதிகத்துக்கும் குறைவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அது இரண்டு நொடி என்றால், அரை நொடி தரும் எந்தப் பார்ட்ஸும் வேலை செய்கிறதா இல்லையா என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. வித்தியாசம் அரை நொடிக்குள் வந்தபிறகு காசைச் செலவழியுங்கள். (ஒன்று: சில டிராக் டே அமைப்புகள் நேரம் எடுப்பதையே தடை செய்திருக்கும். இன்சூரன்ஸ் காரணம். முதலில் விதியைப் படியுங்கள்.)

எக்ஸாஸ்ட் மாற்றும் ஆசை உள்ளவர்களுக்கு: லகூனா செக்காவில் பல நாட்களில் சத்த வரம்பு 90 டெசிபெல்லை ஒட்டி இருக்கும். தாண்டினால் பிட்டுக்கு வரச் சொல்லும் கறுப்புக் கொடி. ஐந்து குதிரைக்காக ஒரு செஷனை இழக்காதீர்கள். டர்போவா? அது இன்னொரு கார். கூலிங், கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், பிரேக் எல்லாம் வரிசையாகக் கைநீட்டும், டிராக்கில் ஓடிய நேரத்தைவிட ஜாக்கியில் நின்ற நேரம் அதிகமாகும்.

தலைக்கு மேல்

திறந்த கார். பெரும்பாலான அமைப்புகள் ரோல்பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் குழாய் வளைவு) இல்லாமல் உள்ளே விடாது, விட்டாலும் போகக் கூடாது. போல்ட் போட்டு மாட்டும் நல்ல ரோல்பார்கள் கிடைக்கின்றன. ஸ்டைலுக்காக வரும் மெல்லிய வளையங்கள் கணக்கில் வராது. சோதனை எளிது: ரோல்பார் உச்சியிலிருந்து விண்ட்ஷீல்ட் சட்டத்தின் மேல்விளிம்புக்கு ஒரு துடைப்பக் கம்பை வையுங்கள். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தவர் தலை கம்பைத் தொடக் கூடாது. ஆறடிக்கு மேல் உள்ளவர்களில் பலர் இதில் தோற்பார்கள். சீட் கவரைக் கழற்றி உள்ளே ஸ்பாஞ்சை வெட்டினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிடைக்கும்; அதுவும் போதாவிட்டால் தாழ்வான பக்கெட் சீட். ஹெல்மெட் ஸ்னெல் எஸ்.ஏ. 2020 அல்லது அதற்குப் பின் வந்த தரம். ரோல்பாரில் தலைக்கு எட்டும் பகுதிக்குக் கெட்டியான பாதுகாப்புப் பஞ்சு கட்டாயம். குழாய்க்குச் சுற்றும் மெத்தென்ற உறை உதவாது.

வாங்கப் போகும்போது

பானெட்டைத் திறப்பதற்கு முன் கதவைத் திறந்து, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள ராக்கர் பகுதியைத் தட்டிப் பாருங்கள். துணிக்கூரையிலிருந்து வடியும் மழைநீர் அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும். வடிகுழாய் இலைதழை அடைத்திருந்தால் தண்ணீர் அங்கேயே தேங்கி உள்ளிருந்து அரிக்கும். மேல் பெயின்ட் பளபளப்பாக இருக்கும், விரல் அழுத்தினால் உள்ளே போகும். என்.பி.யில் முன் சேசிஸ் ரெயிலையும் கீழே படுத்துப் பாருங்கள். இரண்டு தகடு சேரும் இடத்தில் துரு பிடிக்கும், அதில்தான் முன் சஸ்பென்ஷன் தொங்குகிறது. என்ஜினைச் சூடாக்கி, இருபது நிமிடம் ஓடவிட்டு, கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள்: நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கட்டும். நாலாவது மட்டும் தாழ்ந்திருந்தால் மேலே சொன்ன பின்மூலைக் கதைதான்.

என்ஜின் சோர்ந்தால் வேறு என்ஜின் கிடைக்கும், ஒரு வார இறுதியில் இறக்கி ஏற்றலாம். கியர்பாக்ஸும் அப்படியே. ரெயில் அரித்த காருக்கு மட்டும் விலை பேசாதீர்கள். இந்தக் கார்கள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை, துரு இல்லாதது வெயில் மாநிலத்திலிருந்து இன்னொன்று வரும்.